பெனினா தலை குனிந்தது எதற்கு

இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. பாயைத் தலையில் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள் என்பதால் பெனினா பொய் சொன்னாள் என்று ஆகிவிடாது. எங்கள் சபைக்காரி சியேனி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். போன ஞாயிற்றுக்கிழமைகூட, சபை முடிந்து பந்தியில் உட்கார்ந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கை விழுங்கியபடியே ஆரம்பித்தாள்.

"கடல் வருது, கடல் வருதுன்னு கத்தி ஓட்டலையே காலி பண்ணா. வந்துச்சா கடல்? ஒரு கெழவிக்கு இடுப்பு ஒடஞ்சதுதான் மிச்சம். தப்புப் பண்ணலேன்னா எதுக்குடி பாய மூடிக்கிட்டு உக்காரணும்?"

எதிரே இருந்தவர்கள் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்கள். வாயில் சூடான கிழங்கு. ஆட்டுவதற்குத் தலை மட்டும்தான் சும்மா இருந்தது.

தரை ஆடிய அன்று சியேனி எங்கே இருந்தாள்? பெர்ஹாம்போர் மேட்டில், தன் வீட்டுச் சமையலறையில். உடைந்த இரண்டு கோப்பைகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி தேநீர் போட்டவள் அவள். பெனினா இருந்தது கீழே, வெலிங்டன் துறைமுகத்தின் விளிம்பில், அலை வருவதென்றால் முதலில் தொடுகிற இடத்தில். வேலையை விட்டு விரட்டினார்கள் என்பதும் சியேனியின் கட்டுக்கதைதான். யாரும் விரட்டவில்லை. வேலையில் இருக்க வேண்டுமானால் ஒரு வாக்குக் கொடு என்று கேட்டார்கள். அந்த ஒரு வாக்கை அவளால் கொடுக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு, அப்புறம் யார் வேண்டுமானாலும் தலையாட்டட்டும்.

முதலில் அவளுடைய பயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பெனினாவைச் சொல்ல வழியில்லை.

சமோவாவில், உபோலு தீவின் தெற்குக் கரையில் பிறந்தவள். பானை கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றினால் அது கடலுக்கே போய்ச் சேரும், அவ்வளவு பக்கத்தில் வீடு. நாற்பது வயதுவரை அவள் கடலைப் பார்த்துப் பயந்ததில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு விடியற்காலை தரை ஆடியது. அவசரமில்லாமல், விடாமல் ஆடியது. ஆடி முடிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மேட்டுக்குப் போயிரலாம்பா."

அப்பா ஊரில் பெரிய மனிதர். எதற்கும் பதறாதவர். ஈரப்பலா மரத்தடியில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"பொறு. ரேடியோவுல சொல்லட்டும். சொல்லாம ஓடுனா ஊரு சிரிக்கும்."

அவர் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. பொறுத்தாள். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு முடிவதற்குள் கடல் வந்துவிட்டது. ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு பெனினா பிழைத்தாள். அப்பா மூன்றாம் நாள்தான் கிடைத்தார்.

மறுவருஷம் புருஷன் இயாகோபோவோடும் மூன்று பிள்ளைகளோடும் கடல் கடந்து இந்த வெலிங்டன் நகரத்துக்கு வந்துவிட்டாள். வீடு மேட்டில்தான் வேண்டும் என்றாள். அவனும் மேட்டில் பார்த்தான். அவனுக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. அவளுக்குக் கிடைத்த வேலைதான் கீழே. இந்த ஊரில் குடியிருப்பு மேட்டில் என்றால் பிழைப்புப் பள்ளத்தில். துறைமுகக் கரையோர ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை.

அந்தக் கரை கரையே இல்லை. கடலில் மண்ணைக் கொட்டி மூடி எடுத்த நிலம். பழைய கரை எதுவரை இருந்தது என்று காட்ட, இரண்டு தெரு உள்ளே தள்ளி, நடைபாதையில் தகடு பதித்திருக்கிறார்கள். எல்லோரும் அதை மிதித்துக்கொண்டு காப்பி வாங்கப் போவார்கள். பெனினா மட்டும் அந்தத் தகட்டருகே வந்ததும் ஒரு நொடி நிற்பாள். உள்ளுக்குள் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பாள். பேருந்தில் கடல் தெரியாத பக்கத்து இருக்கையில் உட்காருவாள். மெத்தை விரிப்பு மாற்றும்போது சன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்கு அறுபத்தாறு படி. ஓட்டல் வாசலிலிருந்து, மேட்டுத் தெருவுக்கு ஏறும் கல்படிக்கட்டின் அடிவரை முந்நூற்று நாற்பது காலடி. அந்தப் படிக்கட்டில் நூற்றைம்பத்தெட்டு படி. இவை அவளுக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம்.

பெட்டி தூக்கும் விரேமு, ஐம்பதைத் தாண்டிய மாவோரி ஆள், இந்த மண்ணின் பூர்வகுடி, தினமும் அவளைச் சீண்டுவான்.

"என்னக்கா, இன்னிக்குக் கடல் எப்பிடி இருக்கு?"

"நான் பாக்கல."

"இங்க வர்றவங்க எல்லாம் அதப் பாக்கத்தான் வர்றாங்க. பாக்காமயே இருக்குற ஒரே ஆளு நீதான்."

"வர்றவங்க நாலு நாள்ல திரும்பிப் போயிருவாங்க, விரேமு. நான் நாளைக்கும் வரணும்ல?"

ஆறு வருஷம் இப்படியே போனது. ஒரு நாள்கூடப் பயம் குறையவில்லை. ஒரு நாள்கூட அவள் வேலைக்கு வராமல் இருந்ததும் இல்லை.

மார்ச் மாதத்தில் நோலீன் என்கிற அம்மாள் வந்து தங்கினாள். எண்பத்து மூன்று வயது. இந்த நாட்டின் தெற்குத் தீவில், கடல் வாசனையே எட்டாத உள்நாட்டில் ஆட்டுப் பண்ணைக்காரி. ஆயுசில் ஒரு தடவையாவது படுக்கையில் படுத்தபடியே கப்பல் வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மூன்றாம் மாடியில் கடல் பார்த்த அறையைப் பத்து நாளைக்கு எடுத்திருந்தாள். அறை சுத்தம் செய்ய வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது.

"இங்க வந்து பாரும்மா, பெரிய கப்பல் ஒன்னு வருது. அதுல நம்ம ஆடு அத்தனையும் ஏத்தலாம்."

"நீங்க பாருங்கம்மா. எனக்குத் தலகாணி ஒற மாத்தணும்."

"நேத்தும் இதத்தான் சொன்ன. கடல் என்ன, கடிச்சிருமா?"

"எங்க ஊர்ல கடிச்சுதும்மா."

நோலீன் சன்னல் திரையைப் பாதி இழுத்து மூடினாள். அன்றிலிருந்து பெனினா வரும் நேரத்துக்கு அந்தத் திரை பாதி மூடியே இருக்கும். மெனக்கெட்டு எழுந்துபோய் மூடி வைப்பாள். அந்தக் கிழவியைப் பெனினாவுக்குப் பிடித்துப்போனது அப்படித்தான்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். பெனினா அந்த அறையில்தான் இருந்தாள். தட்டில் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. வெலிங்டனில் அது புது விஷயமில்லை; நின்றுவிடும் என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிற்கவில்லை. கட்டில் தானாக நகர்ந்தது. அலமாரிக் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. சுவருக்குள் யாரோ சங்கிலியை இழுப்பதுபோல் சத்தம். பெனினா கிழவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்து, அவள்மேல் கவிழ்ந்துகொண்டாள். எண்ண ஆரம்பித்தாள்.

இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம் அது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆடினால், அல்லது நிற்க முடியாதபடி ஆடினால், யார் சொல்வதற்கும் காத்திராமல் மேட்டுக்குப் போ. பள்ளியில் சொல்லித் தருகிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐம்பது எண்ணும்போது கிழவியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அறுபதில் அப்பாவின் முகம் வந்தது. எழுபத்து நான்கில் தரை நின்றது.

வாயில் உப்புக் கரித்தது. அழுகையா, பழைய கடலா, அவளுக்கே தெரியவில்லை. இருந்தாலும் முதலில் செய்தது என்ன தெரியுமா? கிழவியின் காலில் செருப்பை மாட்டியதுதான்.

"எங்கம்மா போறோம்?"

"மேல."

"மூணாவது மாடியிலதான இருக்கோம்?"

"இது மேல இல்லம்மா. இது வீடு."

எங்கள் தீவில் வளர்ந்தவளுக்கு மேல் என்றால் மலைதான். தூண்மேல் கூரை போட்ட வீடுகளில் வாழ்ந்தவளிடம் கட்டடத்தை நம்பு என்றால் எப்படி நம்புவாள்? நல்ல கெட்டியான கட்டடம், நான்காம் மாடிக்கு ஏற்றியிருந்தாலே போதுமே என்று பிறகு படித்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அது அவள் புத்திக்கு எட்டவில்லை. இதில் அவள் பக்கம் பிசகு என்று ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான். இதை மறைக்க வேண்டியதில்லை.

கீழே வரவேற்பு மேசைக்கு முன்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மேலாளர் ஹாமிஷ் நடுவில், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய், கையில் தொலைபேசியோடு. கெட்டவன் இல்லை. தெருவில் கண்ணாடி விழுகிறது, விருந்தாளிகளை வெளியே விடாதே என்று அவனுக்கு ஓட்டலில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"யாரும் வெளிய போகாதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க. செய்தி வரட்டும்."

பொறு. வரட்டும். ஈரப்பலா மரத்தடியில் பெனினா கேட்ட அதே வார்த்தைகள். சபைப் பாட்டில் கடைசி வரிசையில் நின்று பாடுகிறவள் அவள். அவள் குரல் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்தக் குரலில் கத்தினாள்.

"எழுபத்து நாலு எண்ணுனேன்! மேல போங்க! எல்லாரும் மேல!"

"பெனினா, தயவுசெஞ்சு..." என்றான் ஹாமிஷ். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையில் கிழவி, மறு கையால் கதவு. பத்தொன்பது பேர் பின்னால் வந்தார்கள். விரேமு பெட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து நோலீனின் இன்னொரு கையைப் பிடித்தான். இந்த முறை அவன் எதுவும் சீண்டவில்லை.

முந்நூற்று நாற்பது காலடியும் உடைந்த கண்ணாடிமேல். பின்னால் கடல் இருக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்கக்கூடாது, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நடந்தாள். கடற்காகம் கத்தினால்கூட அலை என்று நெஞ்சு துள்ளியது. படிக்கட்டு இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் ஒடுங்கி ஏறுகிறது. நோலீன் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"நான் இங்கயே உக்காந்துக்குறேன். நீங்க போங்க."

"பேசாம ஏறுங்கம்மா."

"பண்ணையில நாயிகூட என்ன இப்பிடி வெரட்டுனதில்ல."

நூற்றிருபதாவது படியில் தரை இன்னொரு முறை உதறியது. பெனினா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். நோலீன் பெனினாவின் கையைத்தான் பிடித்திருந்தாள். கை வழுக்கியது. கிழவி பக்கவாட்டில் விழுந்தாள். காய்ந்த கிளை முறிவது மாதிரி ஒரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மீதி முப்பத்தெட்டு படியும் விரேமுவின் மேலங்கியில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். கிழவி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் பெனினாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலே போனபிறகு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, பெனினா துறைமுகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். கடல் தட்டில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. அரை மணி நேரம், வந்துவிடுமோ என்று பயந்தாள். அதற்கப்புறம் இன்னொரு பயம் மெல்லப் பிடித்துக்கொண்டது. வராவிட்டால்?

வரவில்லை. ஒரு சாண் ஏறி இறங்கியது என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். "காலைக்கு நல்ல உடற்பயிற்சி" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஓட்டலுக்குள்ளேயே இருந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஹாமிஷ் அவளை உட்காரவைத்துத்தான் சொன்னான். "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, பெனினா. மேலிடத்துல விசாரிக்கணும்ங்குறாங்க."

அந்த மூன்று வாரம் அவள் எப்படி இருந்தாள் என்று சியேனிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வரவில்லை. மருத்துவமனைக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் அறை வாசல்வரை போய், உள்ளே நோலீனின் மகனின் அகன்ற முதுகைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டாள். லாரி போகும் அதிர்வுக்குக்கூட மேசையைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். இதற்கிடையில் நோலீனுக்கு அறுவை முடிந்தது. விமானம் ஏற மருத்துவர் அனுமதிக்கும்வரை அதே ஓட்டலில் தரைத்தள அறையில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று விரேமு தொலைபேசியில் சொன்னான்.

அன்று சாயங்காலம் பெனினா பெட்டியைத் திறந்து அந்தப் பாயை எடுத்தாள். தாழை மடலைத் துணி மாதிரி மெலிசாகச் சீவி நெய்த பாய், ஓரத்தில் சிவப்பு இறகு. அவள் அம்மாவுடையது. அலை வந்தபோது சித்தி வீட்டில் இருந்ததால் தப்பிய ஒரே பொருள். நம் சனங்களில் ஒருவரால் இன்னொருவருக்குத் தீங்கு நேர்ந்தால், விடியும் முன் அவர் வாசலில் போய்ப் பாயைத் தலையில் மூடி உட்கார வேண்டும். நொந்தவர் வந்து பாயை எடுத்தால் மன்னித்தார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இயாகோபோ பாயைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"கிறுக்கா ஒனக்கு? இது நம்ம ஆளுங்களுக்கு. அந்த ஓட்டல்காரனுக்கு என்ன தெரியும்? தப்ப ஒத்துக்கிட்டாள்னு எழுதி வச்சுக்குவான்."

"எழுதிக்கட்டும்."

"அப்ப ஒம்மேல தப்புன்னு நீயே நெனைக்கிற?"

"மேல கூட்டிட்டுப் போனது தப்பில்ல. ஆனா அந்தம்மா விழுறப்ப அவங்க கை எங்கையில இருந்துச்சு. அதுக்கு வேற யாரு பொறுப்பு?"

"ரெண்டும் ஒன்னுதான்டி."

"ஒன்னு இல்ல."

"ஊருக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரியும்."

"ஊரு வந்து படிக்கட்டுல நின்னுச்சா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். விடியும் முன் அவள் தனியாகத்தான் இறங்கிப்போனாள்.

ஓட்டல் வாசலுக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் கடல் முதுகுக்குப் பின்னால். பாயைத் தலையில் போட்டு மூடிக்கொண்டாள். அதற்குள் போனபிறகுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கண் தெரியவில்லை. எழுந்து ஓடவும் கூடாது. கீழே மண் கொட்டி மூடிய நிலம். பத்தடி பின்னால் படகுத்துறைப் பாலத் தூண்களில் தண்ணீர் களக், களக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு களக்குக்கும் முதுகுத் தோல் சுருங்கியது. அடுத்த சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்ததோ? தண்ணீர் பின்வாங்குகிறதோ? மூச்சுக் காற்றில் பாய் நனைந்து மூக்கில் ஒட்டியது. எழுந்துவிடு, எழுந்துவிடு என்று கால்கள் கெஞ்சின. உடம்பில் பயத்தைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லாத மாதிரி இருந்தது.

காலையில் ஓட வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள்.

"என்ன இது, போராட்டமா?"

"ஏதாவது நாடகமா இருக்கும். இந்தக் கரையில தினம் ஒரு கூத்து."

அவர்கள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கனமான செருப்புச் சத்தம். வேலைக்கு வந்த விரேமு. பாயைப் பார்த்ததும் அவனுக்கு யார் என்று சொல்லத் தேவையில்லை. குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அக்கா, நான் ஒனக்குப் பின்னால நிக்கிறேன். கடல நான் பாத்துக்குறேன். நீ ஒக்காரு."

அவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பெட்டிகள் வாசலில் குவிந்தன; அவன் நகரவில்லை. ஏழு மணி வாக்கில் பாயின் ஓரத்தை ஒரு கை தூக்கியது. நோலீன் இல்லை. பேருந்துச் சீருடையோடு இயாகோபோ.

"நகரு."

"ஒன் பஸ்ஸு?"

"வேற ஆளு ஓட்டுறான். நகருங்குறேன்ல?"

அவன் பெரிய உடம்புக்காரன். இரண்டு பேரையும் பாய் முழுசாக மூடவில்லை. முழங்கால்கள் வெளியே தெரிய, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவனும் நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டான்.

எட்டரை மணிக்கு நடக்க உதவும் இரும்புச் சட்டத்தை டொக் டொக்கென்று ஊன்றிக்கொண்டு நோலீன் வந்தாள். பக்கத்தில் அவள் மகன். வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாயைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"உள்ள யாரு? அட, ரெண்டு பேரா! மூச்சு முட்டலையா?"

இயாகோபோ முறைப்படி பேச வேண்டிய பேச்சை ஆரம்பித்தான். நான்கு வார்த்தைக்கு மேல் வரவில்லை, குரல் உடைந்துவிட்டது. பெனினா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஒங்க கைய விட்டுட்டேம்மா."

"எந்திரிம்மா மொதல்ல. என்னால குனிய முடியாது, இடுப்பு புதுசு." கிழவியின் கண்ணும் கலங்கிப்போயிருந்தது. "மூணாவது மாடிக்கு என்னத் தேடி வேற எவன் வந்தான்? நீதான என் செருப்ப மாட்டிவிட்ட?"

மகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெனினா பாயை மடித்துக் கிழவியின் கையில் கொடுத்தாள். கொடுத்த பாயைத் திரும்ப வாங்குவதில்லை. கிழவி அதைத் தடவிப் பார்த்து, "இதத் தரையில விரிக்க மாட்டேன்" என்றாள். இதுதான் நடந்தது. இதில் வெட்கம் எங்கே இருக்கிறது, பொய் எங்கே இருக்கிறது?

ஆனால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று ஹாமிஷும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். இயாகோபோ பயந்தபடியே ஆனது.

அடுத்த திங்கட்கிழமை வரச்சொன்னான். வேலை காத்திருக்கிறது என்றான். ஒரு காகிதத்தை எடுத்து அவனே படித்துக் காட்டினான். இரண்டே வரி. எச்சரிக்கை எதுவும் இல்லாத நேரத்தில் விருந்தாளிகளை வெளியே கூட்டிப்போனது தவறு என்பதை நானாகவே முன்வந்து ஒப்புக்கொண்டேன். இனிமேல் தரை ஆடினால் ஓட்டலின் அறிவிப்பு வரும்வரை காத்திருப்பேன்.

"நான் ஒப்புக்கலையே" என்றாள் பெனினா.

"எல்லாரும் பாக்க உக்காந்து மன்னிப்புக் கேட்டீங்களே? அதத்தான் எழுதியிருக்கேன்."

"நான் கேட்டது அவங்க இடுப்புக்கு."

ஹாமிஷ் பேனாவால் முதல் வரியை அடித்தான். "சரி, இது வேணாம். ரெண்டாவது மட்டும் இருக்கட்டும். மேலிடத்துல அத விட மாட்டாங்க. ஒரு கையெழுத்து, பெனினா. நாளைக்கே வேலைக்கு வந்துரலாம்."

பேனாவை வாங்கினாள். வாங்கவில்லை என்று சொன்னால் அது பொய். மூன்று பிள்ளைகளின் முகம் வந்தது. நாற்பத்தேழு வயதில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது என்ற பயம் வந்தது. சியேனியின் வாய் வந்தது. பேனா முனை காகிதத்தைத் தொட்டது. பெயரின் முதல் எழுத்தைக்கூடப் போட்டுவிட்டாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

"அறிவிப்பு வராமலே போச்சுன்னா?"

"வரும்."

"கடல் மொதல்ல வந்துட்டா?"

ஹாமிஷ் மேசையில் கிடந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு எனக்கும் மேல ஓடணும்னுதான் இருந்துச்சு. பயத்துல கால் நகரல."

"எனக்கும் பயம்தான், ஹாமிஷ். நான் பயந்தவதான். ஆனா காத்திருக்கேன்னு மட்டும் எழுதித் தர மாட்டேன். எழுதுனா, அன்னிக்கு என் காலும் நகராது."

பேனாவை வைத்தாள். அறைத் திறவு அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

வேலைக்காரர்கள் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அன்று அவள் முன்வாசலுக்கு நடந்தாள். உருட்டுப் பெட்டிகளோடு ஒரு குடும்பம் உள்ளே வந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், அவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடல் பாத்த ரூம் கெடைக்குமா?" என்று அந்தப் பெண் ஆசையோடு கேட்டாள்.

"கெடைக்கும். பெட்டிய வச்சிட்டு மொதல்ல வெளிய போயி, மேட்டுக்கு ஏற படி எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க."

அந்தப் பெண் சிரித்தாள். பெனினா சிரிக்கவில்லை. நடுங்குகிற கால்களோடுதான் வாசலைத் தாண்டினாள்.